ஆம்பூரிலிருந்து வந்த கருத்த காசு

அன்று மதியம் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். தராசுக்கு முன்னால் நான். கணக்கு மேசையில் எஸ்தர். வாசல் பெஞ்சில், முதலாளியைப் பார்க்க வந்து காத்திருந்து அப்படியே தூங்கிப்போன குடியாத்தம் லுங்கி வியாபாரி ஒருவர். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம், டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற ஆம்பூர் சாந்தி. இல்லாதவர் ஒருவர்: முதலாளி கரீம் பாய். வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

எழுதச் சொன்னது எஸ்தர்தான். இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது அவள். போன மாதம் ஒரு எந்திரம் வாங்கியிருக்கிறாள். காசை உள்ளே வைத்தால் வெள்ளி எத்தனை, செம்பு எத்தனை என்று கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிடுகிறது. போய்ப் பார்த்தேன். அது என்னைப் போலப் பயப்படுவதில்லை, தண்ணீர் கேட்பதில்லை, சொன்னதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது. எனக்குப் பிடித்துப்போயிற்று. "எங்க நாணயச் சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்கண்ணே, இது இல்லாதப்ப நீங்க எப்படிப் பார்த்தீங்கன்னு இந்தப் பசங்களுக்குத் தெரியட்டும்" என்றாள். நான் எட்டாம் வகுப்பில் நின்றவன். பிழை இருந்தால் எஸ்தர் திருத்திக்கொள்வாள்.

என் சொந்த ஊர் பள்ளிகொண்டா. வேலூரில் கரீம் பாயின் பழைய காசுக் கடையில் சேர்ந்து முதல் நாலு வருஷம் பெருக்கினேன், துடைத்தேன். காசைத் துடைக்கவில்லை, கண்ணாடிப் பெட்டியை. பழைய காசைத் துடைத்தால் அதன் மதிப்பு போய்விடும் என்பதுதான் நான் அங்கே கற்ற முதல் பாடம். அதைக் கற்றது ஒரு காசைத் துடைத்த பிறகு. அடுத்த ஆறு வருஷம் எடை போட்டேன். அதற்கப்புறம் பூதக்கண்ணாடி என் கைக்கு வந்தது. அவ்வளவுதான் படிப்பு.

கரீம் பாய் வாயிலிருந்து "போலி" என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு கையாலும் வாங்குவார். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் அரிசியை இழுக்கும் காசு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ராமர் பட்டாபிஷேகம் போட்டது. நிலத்தை அடமானம் வைத்து அதை வாங்கியிருக்கிறார். கூடவே ஒரு பொட்டலம் அரிசி. காசை அருகில் கொண்டுபோனதும் அரிசி நிஜமாகவே ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு வேர்த்துவிட்டது. பாய் அமைதியாக, "அரிசி எந்தக் கடைதுங்க?" என்று கேட்டார்.

"காசு குடுத்தவரே குடுத்தாருங்க."

பாய் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பச்சரிசியில் ஒரு பிடியை எடுத்து மேசையில் பரப்பினார். காசை அதற்கு மேலே கொண்டுபோனார். ஒரு மணி கூட அசையவில்லை.

"எங்க வீட்டு அரிசிக்கு உங்க காசைப் பிடிக்கல போலிருக்கு" என்றார் பாய். அந்த மனிதர் முதலில் அழப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். காசுக்குள் காந்தம், அந்தப் பொட்டலத்து அரிசியில் இரும்புத்தூள். இதையும் பாயே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். நிலம் திரும்பியதா என்று தெரியாது. போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரோடு துணைக்குப் போனது பாய்தான்.

எங்கள் கடையில் சோதனைக் கூலி ஐம்பது ரூபாய். அதற்கு ஒரு சீட்டு எழுதித் தருவோம். சீட்டில் மூன்றே வார்த்தைகளில் ஒன்றுதான் எழுதலாம்: "சரி", "சரியில்லை", "தெரியல". கடைசியில் உள்ளதற்குக் கூலி கிடையாது. "தெரியலன்னு எழுத வெக்கப்படாதே தேவா, வெக்கப்பட்டா ஊர்ல நாலு குடும்பத்தைக் கெடுத்துடுவே" என்பார். எனக்கு வெட்கமே இல்லை. எதைப் பார்த்தாலும் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய் மறுபடி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அதனால் தாராளமாக "தெரியல" எழுதினேன். எஸ்தர் எனக்குத் தெரியல மாஸ்டர் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

சாந்தி வந்த அந்த வாரத்தில் அதற்கு முன் இரண்டு "தெரியல" எழுதியாகிவிட்டது. எஸ்தர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னொண்ணு எழுதுங்க, மூணு எழுதினா ஒரு டீ ஃப்ரீ" என்றாள். அது என்னைக் கொஞ்சம் குத்தியது. உண்மையைச் சொல்ல வேண்டும்.

சாந்திக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் மிஷினில் தைத்தாயிற்று, சொந்தமாக இரண்டு மிஷின் வாங்கி வீட்டிலேயே தைக்க வேண்டும், மருமகளுக்கும் வேலையாகும் என்பது அவள் கணக்கு. ஷூ தைக்கிற மிஷின் சாதாரணத் தையல் மிஷின் விலையில் வராது. மாமனார் பெட்டியில் கிடந்த ஒரு வெள்ளி ரூபாயைக் கூட வேலை செய்கிறவள் பார்த்துவிட்டு, "அக்கா, இது லட்சத்துல போற காசு, போன்ல வீடியோ இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

கைக்குட்டையைப் பிரித்து வைத்தாள். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய். வருஷம் 1939.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1938 ரூபாய் எங்கும் கிடைக்கும். 1939 ரூபாய் அபூர்வம். ஆகவே நல்ல 1938 காசை எடுத்து, கடைசி எட்டின் கீழ்ப்பக்கத்து இடது வளைவைச் செதுக்கி எடுத்து, ஒன்பதாக்கிவிடுவார்கள். காசு நிஜ வெள்ளி, நிஜ எடை, நிஜ சத்தம். பொய் அந்த ஓர் எண்ணில் மட்டும். செதுக்கின இடம் பளிச்சென்று தெரியும் என்பதால் அதை மறைக்க மருந்து போட்டுக் காசு முழுவதையும் கருக்கிவிடுவார்கள்.

வரிசைப்படி செய்தேன். எடை: பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே, சரி. காந்தம்: ஒட்டவில்லை, சரி. கருங்கல் பலகையில் விரல் உயரத்திலிருந்து போட்டேன்: மணி போல நீண்ட சத்தம், சரி. விளிம்பில் கோடுகள்: சரி. பூதக்கண்ணாடியை எடுத்தேன். காசு கருப்பு. சாதாரணக் கருப்பு இல்லை. மன்னர் மூக்கு நுனியிலிருந்து பள்ளம் வரை ஒரே சீரான கருப்பு. "வருஷம் பூசினா திட்டுத்திட்டா இருக்கும், மனுஷன் பூசினா ஒரே சீரா இருக்கும்" என்று பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படியே காதில் கேட்டது. ஒன்பதைச் சுற்றி அந்தக் கருப்பு மூடியிருந்தது. பார்த்த நேரம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது. கருப்பு சொல்லிவிட்டதே, எண் எதற்கு?

வாழ்க்கையில் முதல் தடவை தைரியமாக, "சரியில்லை" என்று எழுதினேன். எஸ்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

சாந்தி சீட்டைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் அவளே சிரித்தாள்.

"அப்ப மிஷின் போச்சு. பரவால்ல சார். வெள்ளியாவது நெஜமா?"

"வெள்ளி நெஜம்மா."

"அது போதும். பேரனுக்கு அரைஞாண் பண்ணணும். இதையும் இந்தக் கொலுசையும் சேர்த்து உருக்கிடறேன். ரெண்டும் எவ்ளோ வரும், ஒரு எடை போட்டுடுங்க."

அறுந்துபோன பழைய கொலுசு ஒன்றைத் தராசில் வைத்தாள். அதுவும் நல்ல கருப்பு. எடை போட்டேன். கையால் எடுத்து வைத்தேன், கையால் எடுத்துக் கொடுத்தேன். கண் இருந்தது, கண்ணாடி கழுத்தில் தொங்கியது. எதுவும் தோன்றவில்லை.

லுங்கி வியாபாரி கண்ணைத் திறந்து, "எடைக்குன்னா நானே எடுத்துக்கறேம்மா" என்றார்.

"நீ தூங்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு, ஐம்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் பாய் முந்தின நாள் சீட்டு நகல்களைப் புரட்டினார். இது தினமும் நடக்கிற வேலை. சாந்தியின் சீட்டில் நின்றார்.

"தேவா, சரியில்லைன்னு எழுதியிருக்கே! நீயா எழுதின?"

"ஆமாம் பாய். ஒரே சீரான கருப்பு."

"ஒம்போதைப் பார்த்தியா?"

"கருப்பு மூடியிருந்தது பாய்."

"அப்ப பார்க்கல. பார்க்காம எப்படி எழுதின?" குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயங்கரம். "ஊர் எது?"

"ஆம்பூர். மாமனார் காசாம். அவர் டேனரியில தோலுக்குச் சுண்ணாம்பு போடற பக்கம் வேலை செஞ்சவராம். வீடும் மதிலை ஒட்டித்தானாம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொலுசு நினைவுக்கு வந்தது. அந்தக் கொலுசும் ஒரே சீரான கருப்பு. காசுக்குப் பழமை பூசுவார்கள். கொலுசுக்கு யாராவது பூசுவார்களா?

பாயிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோலிலிருந்து மயிரை எடுக்க சுண்ணாம்போடு சல்பைடு போடுவார்கள். அழுகின முட்டை நாற்றம் வருமே, அதுதான். அந்தக் காற்று பட்டால் வெள்ளி கருத்துப்போகும். போலி செய்கிறவன் ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தில் வைத்துச் செய்வதை ஆம்பூர்க் காற்று முப்பது வருஷத்தில் செய்திருக்கிறது. மருந்து அதே மருந்து.

"எங்க அம்மாவும் ஆம்பூர்தான், அவங்க கொலுசும் அப்படித்தான்டா இருக்கும். பண்டிகைக்குப் பண்டிகை தேய்ப்பாங்க. சென்னைக்காரன் ஏமாறலாம். பள்ளிகொண்டாக்காரன் ஏமாறலாமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பாய், உருக்கப் போறேன்னாங்க."

பாயின் சிரிப்பு நின்றது.

சீட்டு நகலில் கம்பெனிப் பெயரும் போன் நம்பரும் இருந்தன. நம்பருக்குப் போன் செய்தோம். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று எஸ்தர் சொன்னாள். "கிளம்பு" என்றார் பாய். "போய்த் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு. காசு உருகியிருந்தா அதையும் கேட்டுக்கிட்டு வா. இந்தா, அம்பது ரூபாய். தப்பா சொன்னதுக்குக் கூலி கிடையாது."

ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். எங்கள் பள்ளிகொண்டா வந்து போனதுகூடத் தெரியவில்லை. கண்ணை மூடினால் ஆசாரியின் மூசைக் கிண்ணத்தில் வெள்ளி கொதிக்கிறது. முதலில் கொலுசு போகிறது, அப்புறம் மன்னர் மூக்கு, அப்புறம் ஒன்பது. ஆசாரி காலையிலேயே அடுப்பு மூட்டியிருப்பாரா? சனிக்கிழமை லீவு விடுவாரா? கண்டக்டர் பக்கத்தில் வந்து, "சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா, வாந்தி வருதா, முன்னாடியே சொல்லிடுங்க" என்று ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை.

கம்பெனி வாசலில் காவலாளியிடம் சொல்லி, மதியச் சாப்பாட்டு மணி வரை வெயிலில் நின்றேன். மணி அடித்ததும் நூறு பேர் ஒன்றாக வெளியே வந்தார்கள். சாந்தி என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சார், இங்க? ஷூ வாங்கவா?"

"அம்மா, அந்தக் காசு..."

"ஆமாம், காசு."

"உருக்கிட்டீங்களா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

"கொலுசைக் குடுத்துட்டேன். நேத்து சாயந்திரமே பத்தர் உருக்கிட்டாரு, நாத்தம் தாங்கலன்னு அவரு பொண்டாட்டி ஒரே சண்டை" என்றாள். பிறகு டிபன் பைக்குள் கைவிட்டு, ஊறுகாய் டப்பாவுக்குக் கீழே இருந்து அதே கைக்குட்டையை எடுத்தாள். "இதைக் குடுக்கல."

நான் அப்படியே தரையில் உட்காரப் போனேன். காவலாளி நாற்காலி போட்டார்.

"ஏம்மா குடுக்கல? நான்தான் எழுதிக் குடுத்தேனே?"

"எழுதினீங்க. ஆனா உங்க மூஞ்சியைப் பார்த்தேன் சார். எங்க லைன்ல தைச்ச பீஸைச் செக் பண்ற பொண்ணுங்க இருக்காங்க. கெட்டதைக் கெட்டதுன்னு தள்றவ மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும். சரியாப் பார்க்காம அவசரத்துல தள்றவ மூஞ்சி வேற மாதிரி இருக்கும். இவ்ளோ வருஷம் அதைத்தானே பார்க்கறேன்? உங்களுது ரெண்டாவது மூஞ்சி."

கூட இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "இப்பகூட அதே மூஞ்சிதான்கா" என்றாள்.

"எங்ககிட்ட தள்ளுபடி பீஸை அன்னிக்கே வெட்டிப் போட மாட்டாங்க சார். சிகப்புக் கூடையில போட்டு வைப்பாங்க. மறுநாள் வேற ஒருத்தர் பார்க்கணும். அதான், நானும் கூடையில போட்டு வெச்சேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பு, சல்பைடு, கொலுசு. அவள் கேட்டுவிட்டு, "இதை என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. எங்க தெருவுல வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கி ஆறு மாசம் வெளுப்பா வெச்சிருந்தவங்களே கிடையாது" என்றாள்.

அரை நாள் மறுபடி லீவு. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலூர் திரும்பினோம். அதே கண்டக்டர். "இப்ப தேவலையா சார்?" என்றார். பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் பாய் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், ஆனால் காசைத் தொடவில்லை. "நீயே பாரு. கருப்பை மறந்துடு. கருப்புன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு நெனச்சிக்கோ." மேசை விளக்கை அணைக்கச் சொன்னார். ஜன்னல் கதவை ஒரு விரல் அளவு மட்டும் திறந்துவைத்து, அந்த ஒற்றைக் கீற்று காசின் மேல் படுத்தபடி விழும்படி பலகையைச் சாய்த்தார். கருப்பு நிறத்தைத்தான் மறைக்கும், மேடு பள்ளத்தை மறைக்காது. சாய்ந்த வெளிச்சத்தில் காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் எழுந்து உட்காரும்.

பக்கத்தில் ஒரு நல்ல 1938 காசையும் வைத்துக்கொண்டேன். எட்டைப் பார்ப்பது, ஒன்பதைப் பார்ப்பது. எட்டின் இடுப்பு எங்கே ஒடுங்குகிறது, ஒன்பதின் வால் எங்கே திரும்புகிறது. எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கினால் வால் எட்டின் வளைவிலேயே நிற்கும், அதைத் தாண்டி வெளியே வர முடியாது. இல்லாத வெள்ளியை எங்கிருந்து கொண்டுவருவான்? இந்த வால் தாண்டி வந்திருந்தது. மயிரிழைதான். ஆனால் வந்திருந்தது. அப்புறம் வாலுக்கு இடது பக்கத் தரை. செதுக்கியிருந்தால் அங்கே ஒரு சின்னப் பள்ளமோ கீறலோ இருக்க வேண்டும். அச்சடித்தபோது வெள்ளி ஓடிய மெல்லிய கோடுகள் அந்த இடத்தில் குறுக்கே எதுவும் இல்லாமல் விளிம்பு வரை போயின. பன்னிரண்டு தடவை திருப்பினேன். கண்ணில் நீர் வடிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி திருப்பினேன்.

ஒரு மணி நேரம் போயிற்று. சாந்தி மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

"பாய்," என்றேன், "எட்டு இருந்த தடமே இல்ல."

"அப்ப எழுது."

பேனா மூடியைத் திறந்தேன். "தெரியலன்னு எழுதட்டுமா பாய்?"

எஸ்தர் அந்தப் பக்கத்திலிருந்து, "எழுதினீங்கன்னா நான் வேலையை விட்டுடறேன்" என்றாள்.

"சரி" என்று எழுதினேன். பாய் அதற்குப் பிறகுதான் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அந்தக் கடையில் ஒரே சீட்டில் இரண்டு கையெழுத்து இருந்தது அது ஒன்றுதான். பிறகு காசு சென்னைக்குப் போய் அங்கே இரண்டு நிபுணர்கள் பார்த்து, அவர்களும் ஒப்புக்கொண்டு, ஏலத்தில் நல்ல விலைக்குப் போயிற்று. கருப்போடுதான் போயிற்று. துடைக்க வேண்டாம் என்று நான் ஒரு தனிக் காகிதத்தில் எழுதிக் கூடவே வைத்தேன். அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பரவாயில்லை.

சாந்தி வீட்டில் இப்போது நான்கு மிஷின் ஓடுகிறது. திறப்புவிழாவுக்கு நானும் பாயும் எஸ்தரும் போயிருந்தோம். பேரன் இடுப்பில் அரைஞாண் இருந்தது. கொலுசை மட்டும் உருக்கிச் செய்தது என்பதால் கொஞ்சம் மெலிசு. செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கருத்துவிட்டிருந்தது.

கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து அந்த ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினேன். பாய் கொடுத்து அனுப்பிய அதே தாள். அன்று வாசலில் பதற்றத்தில் மறந்து, அப்புறம் சீட்டோடு கொடுக்க மறந்து, மாதக்கணக்கில் சட்டை மாற்றும்போதெல்லாம் பையும் மாற்றி வைத்திருந்தேன்.

சாந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்ணே. வாங்கிட்டா உங்களுக்குப் பயம் போயிடும். அப்புறம் அடுத்தவங்க காசைச் சரியாப் பார்க்க மாட்டீங்க."

பாய் சத்தமாகச் சிரித்து, "கேட்டியா தேவா, முதலாளி இவங்கதான்" என்றார்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த அத்தனை வருஷமும் அந்தத் தாள் பூதக்கண்ணாடி டப்பாவுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் டப்பாவைத் திறக்கிறேன் இல்லையா, கண்ணில் படும். இப்போது வேலையில் இல்லை, டப்பா வீட்டில் இருக்கிறது. ஆனாலும் பொங்கலுக்கு சாந்தி போன் செய்தால் முதல் கேள்வி அதுதான்.

"அண்ணே, என் காசு பத்திரமா இருக்கா?"

"இருக்கும்மா."

"இருக்கட்டும்."

ஆகவே நான் அவளுக்கு இன்னும் தர வேண்டியது ரூபாய் ஐம்பது.